காலாண்டு வரைக்கும் ஓர் இடம்

என் மகள் சுகந்தியைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போன அன்று, அவள் தலைமையாசிரியரின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் மாதம், காலை பத்தே கால் மணி. முந்தின நாள் மழையில் ஊறிய ஓடுகளிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வரிசையில் எங்களுக்கு முன்னால் நான்கு பிள்ளைகள், பின்னால் ஒன்பது.

அந்த நாளில் ஐந்து வயது நிறைந்ததற்குப் பிள்ளையின் கைதான் சாட்சி. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். எட்டினால் ஒன்றாம் வகுப்பு. எட்டாவிட்டால் அடுத்த வருடம். நான் பிறப்புச் சான்றிதழை நகலோடு ஒரு பழுப்பு உறையில் கொண்டுபோயிருந்தேன். அவர் உறையைத் தொடவில்லை.

“அது இருக்கட்டுமுங்க. கை எட்டுதான்னு பாக்கோணும். சாமி, எங்கே, காதைத் தொடு பாக்கலாம்.”

சுகந்தி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலது பக்கம் நின்றாள். கையை நீட்டி, அவருடைய வழுக்கைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், இடது காதைப் பிடித்தாள். இழுக்கவில்லை. மடலை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வரிசையில் யாரோ ஓர் ஆள் சொன்னார்: “வாத்தியாருக்கு அஞ்சு வயசு ஆயிருச்சுடோய். ஒண்ணாப்புல போட்டுரலாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. “மொதல்ல கையை எடுக்கச் சொல்லுங்க” என்றார்.

“பத்து எண்ணுவாளுங்க. அப்பறம் அவளே உட்டுருவா” என்றேன்.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானும் மனதுக்குள் எண்ணினேன். பத்தில் விட்டாள்.

பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை, சரோஜா டீச்சர். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “சார், அவ காதைவிட உங்க காது தூரமுங்க. அதே எட்டிருச்சு. ஆறு வயசே ஆயிருக்கும், சேத்துக்குங்க.”

அது எப்படி நேர்ந்தது என்று சொல்ல வேண்டும். தவறு என்னுடையது.

என் பாடத்திட்டம்

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருபவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரி: ராசிபுரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில், எங்கள் வீட்டு முன்னறையிலேயே நடந்த கிளைத் தபால் நிலையத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவர் நாமக்கல் லாரி ஒன்றில் டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப மூன்று வாரம் ஆகும். சுகந்தி எங்களுக்கு ஒரே பிள்ளை.

பள்ளியில் காதைத் தொடச் சொல்வார்கள் என்று தெரியும். சுகந்தி யார் சொல்லியும் எதையும் அந்த நேரத்தில் செய்ய மாட்டாள் என்பதும் தெரியும். ஆகவே ஏப்ரல் தொடக்கத்திலேயே ஒரு நோட்டில் திட்டம் எழுதினேன். தினமும் காலை ஆறரை மணி. எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். ‘காதைத் தொடு’ என்று சொல்ல வேண்டும். பத்து எண்ணும்வரை பிடித்திருந்தால் ஒரு வறுத்த நிலக்கடலை.

காது என்றால் எது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? அதற்காக அவளை என் வலது பக்கம் நிறுத்தி, அவள் கையை என் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் என் இடது காதில் வைத்தேன். முதல் படி அம்மாவின் காது, இரண்டாம் படி அவள் காது என்று எழுதியிருந்தேன். முதல் படியை அவள் பதினொரு நாளில் கற்றுக்கொண்டாள். அதன்பிறகு இரண்டாம் படிக்கு அவள் வரவே இல்லை. ‘காதைத் தொடு’ என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் காதைப் பிடித்துப் பத்து எண்ணுவது என்று முடிவாகிவிட்டது. அவளிடம் ஒன்று முடிவாகிவிட்டால் மாறாது.

தலைமையாசிரியரிடம் நிலக்கடலை இல்லை. ஆனாலும் பத்து எண்ணிவிட்டுத்தான் விட்டாள். அதற்காகப் பிற்பாடு சிரித்திருக்கிறேன். அன்று சிரிக்க முடியவில்லை.

பெயரில்லாத வழக்கம்

இரண்டரை வயதுவரை ஒன்றும் தெரியவில்லை. பேசினாள்கூட. பிறகு இருந்த சொற்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் சேலம் ரோட்டில் அப்பாவின் லாரி வரும்போது, நான் கேட்பதற்கு முன்னால் அவளுக்கு ஹாரன் கேட்டுவிடும். எழுந்து வாசலுக்குப் போவாள்.

குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, வட்டமாக நறுக்கினால் சாப்பிடுவாள். உடைந்த வில்லையைத் தட்டின் ஓரத்தில் தள்ளிவைத்துவிடுவாள். டப்பா மூடிகளைச் சுவர் ஓரமாக அடுக்குவாள், பெரியதிலிருந்து சின்னதுவரை. தபால் முத்திரை குத்தும் ‘டக், டக்’ ஓசைக்கு மட்டும் அருகில் வந்து உட்கார்ந்து, மையின் வாசனையை முகர்ந்துகொண்டிருப்பாள்.

சேலத்தில் ஒரு மருத்துவரிடம் மூன்று முறை கூட்டிப்போனேன். நல்லவர், பொறுமையாகப் பார்த்தார். “காது நல்லாக் கேக்குதும்மா. நாக்கும் சரியா இருக்கு. மூளை வளர்ச்சிதான் மெதுவா இருக்கு” என்றார். எவ்வளவு மெதுவாக என்று கேட்டேன். “அதை அளந்து சொல்ல முடியாதும்மா” என்றார். நான் நோட்டை மூடிவிட்டேன்.

ஆட்டிசம் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டபோது சுகந்திக்குப் பதினாறு வயது. அதுவரை என் நாட்குறிப்பில் அதற்கு ‘சு.வின் வழக்கம்’ என்று பெயர்.

இந்த ஊர்ப் பள்ளிக்கு முன்னால் டவுனில் ஒரு நர்சரிப் பள்ளியில் சேர்த்திருந்தோம். ஒன்பது நாள் போனாள். மணி அடிக்கும்போதெல்லாம் அலறினாள். பத்தாம் நாள் வாசலிலேயே பையைக் கையில் கொடுத்து, “மத்தப் புள்ளைக பயப்படுதுங்க” என்றார்கள். அவர்கள்மேல் கோபம் வரவில்லை. அவள் அலறும்போது நானே சில சமயம் பயந்திருக்கிறேன்.

மெட்ராஸ் போய் வந்தவர்

சேலம் மருத்துவர்தான் மெட்ராஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் இருப்பதாகச் சொன்னார். அங்கேயே தங்க வேண்டும். அந்த மே மாதம் என் கணவர் மெட்ராஸுக்கு ஜவ்வரிசி லோடு கொண்டுபோனபோது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

வந்தவர் முண்டாசை அவிழ்த்து உதறினார். சட்டையெல்லாம் ஜவ்வரிசி மாவு. முகத்தைப் பார்த்ததும் எதையும் கேட்கத் தோன்றவில்லை.

“நல்ல எடந்தான் புள்ள” என்று அவரே தொடங்கினார். “கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கறாங்க. மாசத்துக்கு ஒருக்காப் போயிப் பாத்துக்கலாமாமா.”

“அப்பறம் என்னுங்க?”

“கேட்டுக்கு வெளிய ஒருத்தன் நின்னுட்டிருந்தான். புள்ளைய உள்ள உட்டுப்போட்டு வந்தவன். பஸ்ஸுக்கு நேரமாச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்கறான். போவ மாட்டேங்கறான். நா வண்டிய எடுத்துட்டு வாரப்பவும் அங்கயேதான் நின்னுட்டிருந்தான்.”

தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு கால் கழுவிக்கொண்டே இருந்தார். கால் எப்போதோ சுத்தமாகியிருந்தது.

“இங்கயே ஏதாச்சும் பாரு புள்ள. ஆவலீன்னா காலாண்டு லீவுல அங்க கொண்டோயி உட்டர்லாம். எடம் வெச்சிருக்கறேன்னு சொல்லியிருக்கறாங்க. எத்தனை நாளைக்குத்தான் நீயொருத்தியே…” என்றார். 

கையோடு விண்ணப்பப் படிவம் கொண்டுவந்திருந்தார். எந்தப் படிவத்தையும் நிரப்பாமல் விட்டுவைக்க என்னால் முடியாது. பெயர், பிறந்த நாள், உயரம், எடை எல்லாம் எழுதினேன். கையெழுத்து மட்டும் போடாமல் மேசை டிராயரில் வைத்தேன்.

பதினொரு குறிப்புகள்

இனி காதுக்குத் திரும்புகிறேன்.

சரோஜா டீச்சர் சொன்னதைக் கேட்டுத் தலைமையாசிரியர் காதைத் தடவிக்கொண்டார். சுகந்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“போஸ்டாபீசம்மா, உங்களுக்காகச் சேத்துக்கறேன். காலாண்டு வரைக்கும் பாக்கறேன். சரிப்பட்டு வரலீன்னா நீங்களே கூட்டிட்டுப் போயிரோணும். நா சொல்ற மாதிரி வெக்கக் கூடாது.”

“சரிங்க” என்றேன். வேறு என்ன சொல்வது?

மறுநாளே பதினொரு குறிப்புகளை வரிசை எண் போட்டு எழுதி சரோஜா டீச்சரிடம் கொடுத்தேன். கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். ஜன்னல் ஓரம் உட்கார வைக்கவும். மணி அடிக்கும்போது காதைப் பொத்திவிடவும். இப்படி.

டீச்சர் நின்றுகொண்டே படித்தார். “ஆறாவது புரியலீங்களே. ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள்.’ அப்ப எப்புடித்தான் கூப்புடறது?”

“கூப்பிட வேண்டாமுங்க. பக்கத்துல போயி உக்காந்தா அவளே பாப்பா.”

“இருபத்தொம்பது புள்ளைகளை வெச்சுட்டு ஒருத்தி பக்கத்துல போயி நா எங்கீங்க உக்கார?”

கேட்டது நியாயம்தான். காகிதத்தை மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டார். முதல் இரண்டு வாரம் எனக்கு அந்த டிராயர்மேல் வருத்தம் இருந்தது.

அந்த இரண்டு வாரமும் மோசம். காலை எட்டே முக்காலுக்கு நான் கொண்டுபோய் விடுவேன். பதினொரு மணிக்கெல்லாம் சுகந்தி எழுந்து வெளியே நடந்துவிடுவாள். ஒருநாள் டீச்சர் கதவைச் சாத்தினார். சுகந்தி கதவில் தலையை முட்டிக்கொண்டாள். என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். நான் போனபோது நெற்றி வீங்கிப்போய் மகள் ஒரு மூலையில். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் இன்னொரு மூலையில்.

“எனக்கு இதுக்கெல்லாம் டிரெயினிங் குடுக்கலீங்க” என்றார். “நா வேணும்னு பண்ணலீங்க.”

“எனக்கும் குடுக்கலீங்க” என்றேன்.

அன்றிலிருந்து கதவைச் சாத்தவில்லை. சுகந்தி வெளியே போனால் போகவிட்டார். அவள் மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தாள். போகவிட்டால் வருவாள் என்பது என் பதினொன்றில் இல்லை.

மணி

பள்ளிக்கூட மணி என்பது புங்கமரத்தில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. அடிப்பது ஐந்தாம் வகுப்பு ராணியின் வேலை. எங்கள் தெருப் பெண். நான்கு மணிக்குச் சுகந்தியை வீட்டில் கொண்டுவந்து விடுவதும் அவள்தான்.

மணி அடிக்கும்போது டீச்சர் ஓடிப்போய்க் காதைப் பொத்துவார். சுகந்தி அதற்கும் சேர்த்து அலறுவாள். ராணிக்கு அது பொறுக்கவில்லை. ‘நா அடிச்சுத்தானே அவ அழறா’ என்று நினைத்தாளாம். ஒருநாள் இரும்புக்கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடிப்பதற்கு முன்னால் மரத்தடியிலிருந்து கத்தினாள்: “சுகந்தீ, அடிக்கப் போறேன், காதெப் பொத்திக்கோ!”

சுகந்தி உடனே பொத்திக்கொள்ளவில்லை. ஒன்றாம் வகுப்பில் மற்ற எல்லாப் பிள்ளைகளும் பொத்திக்கொண்டன. அதைப் பார்த்து அவளும் பொத்திக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் அது பள்ளிக்கூடத்துக்கே வழக்கமாகிவிட்டது. ராணி கத்துவாள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகளும் காதைப் பொத்தும். அப்புறம்தான் மணி. ரோட்டில் நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஒருநாள் தலைமையாசிரியரும் சாக்பீஸ் கையோடு ஒரு காதைப் பொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் அலறல் வாரத்துக்கு ஒன்று. செப்டம்பரில் அதுவும் இல்லை. நாட்குறிப்பில் வரிசையாக எழுதிவைத்திருக்கிறேன். படித்துப் படித்துப் பார்ப்பேன்.

காய்ச்சல் என்று ஒரு கடிதம்

காலாண்டுப் பரீட்சைக்கு முந்தின வாரம் தலைமையாசிரியர் தபால் நிலையத்துக்கே வந்தார். ஓர் இன்லண்டு லெட்டர் வாங்கினார். வாங்கியும் போகவில்லை.

“நாளைக்கழிச்சு ஆண்டாய்வுங்க. டெபுடி இன்ஸ்பெக்டர் வாராரு.”

“தெரியுமுங்க. ராணி சொன்னா.”

“கெடுபுடியான ஆளு. ஒவ்வொரு புள்ளையா எழுப்பிக் கேள்வி கேப்பாரு. பதில் வரலீன்னா வாத்தியாரைப் பாப்பாரு.” இன்லண்டு லெட்டரை நான்காக மடித்தார். “அன்னிக்கு ஒருநாள் மட்டும் அம்மிணிய ஊட்டுல வெச்சுக்குங்க. காச்சல்னு ஒரு லீவு லெட்டர் குடுத்துருங்க. எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் செய்யறதுதானுங்க.”

உண்மைதான். ஆண்டாய்வு நாளில் மந்தமான பிள்ளைகளுக்கெல்லாம் ஊர் ஊராகக் காய்ச்சல் வரும். எல்லாருக்கும் தெரியும்.

‘காலாண்டு வரைக்கும்’ என்ற சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவரை மறுத்தால் அடுத்த வாரம் அவர் சொல்லப்போவது என்ன என்று தெரியும். என் மேசை டிராயரில் மெட்ராஸ் படிவம் இருந்தது.

எழுதிக் கொடுத்தேன். என் மகள் சுகந்தி காய்ச்சலால் அவதிப்படுவதால், என்று நிறுத்தி நிதானமாக, ஒற்றெழுத்து ஒன்றுகூட விடாமல். பொய்யென்று தெரிந்தே கையெழுத்திட்டது என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

காலை ஒன்பது பத்து

அன்று காலை அவளுக்குச் சீருடை போடவில்லை. வீட்டுப் பாவாடை போட்டுவிட்டேன். பையைப் பரண்மேல் வைத்துவிட்டேன். மூடிகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். அடுக்க உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குத் தபால் பை கட்ட வேண்டும். கடிதங்களை எண்ணி, பட்டியல் எழுதி, பையின் வாயைக் கட்டி, அரக்கு உருக்கி முத்திரை வைக்க வேண்டும். அரக்கு ஆறுவதற்குள் முத்திரையை அழுத்திவிட வேண்டும் என்பதால் அந்த நேரத்தில் தலை நிமிர மாட்டேன். நிமிர்ந்தபோது மணி ஒன்பது பத்து. மூடிகள் பாதி வரிசையில் நின்றிருந்தன. சுகந்தி இல்லை.

பள்ளிக்கூடம் சேலம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். நாமக்கல்லிலிருந்து வரும் லாரிகள் எங்கள் ஊரில் வேகத்தைக் குறைப்பதில்லை. டிரைவர் பெண்டாட்டிக்கு அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தபால் நிலையத்தைத் திறந்துபோட்டு ஓடினேன். என் பணிக்காலத்தில் அதுவே முதலும் கடைசியும்.

ரோட்டோர டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தார். “அம்மிணிங்களா? அப்பவே தாண்டிருச்சுங்க. ரெண்டு பக்கமும் வண்டி போறவரைக்கும் நின்னு, அப்பறந்தான் தாண்டுச்சு. நா பாத்துட்டேதான் இருந்தேன்.”

“நிறுத்தியிருக்கக் கூடாதுங்களா?”

“பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைய எதுக்குங்க நிறுத்தறது?”

இருபத்தொன்பதாவது தலை

ஒன்றாம் வகுப்பின் கதவு திறந்தே இருந்தது. வாசலில் நின்றேன். மூச்சு வாங்கியது.

சுகந்தி ஜன்னல் ஓரத்தில் தன் இடத்தில் இருந்தாள். வீட்டுப் பாவாடையோடு, பை இல்லாமல், சிலேட்டு இல்லாமல். பக்கத்துப் பெண்ணின் சிலேட்டு விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

துணை ஆய்வாளர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் ‘ங்க’ எல்லாம் அவர் பேச்சில் இல்லை. அவர் கையில் வருகைப் பதிவேடு இருந்தது. விரலை நீட்டி எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

“இருபத்தெட்டுப் பேர்னு எழுதியிருக்கு. இருபத்தொன்பது தலை இருக்கே?”

சரோஜா டீச்சர் தலைமையாசிரியரைப் பார்த்தார். தலைமையாசிரியர் வாசலில் என்னைப் பார்த்தார். 

“அந்த ஜன்னல் ஓரத்துப் பெண் யாரு? சீருடைகூட இல்ல.”

பிள்ளைகள் முந்திக்கொண்டன. “சுகந்திங்க சார்!” “எங்க கிளாசுங்க!” “அவளுக்குக் காச்ச, வர மாட்டான்னு டீச்சர் சொன்னாங்க, ஆனா வந்துட்டாளுங்க!”

நான் வாசலிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

ஆய்வாளர் அவளருகே போனார். “உன் பேர் என்ன?”

சுகந்தி விளிம்பைத் தடவினாள்.

முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து கை கட்டிக்கொண்டான். “கேட்டாச் சொல்ல மாட்டாளுங்க சார். தப்பாச் சொல்லோணும். நாம தப்பாச் சொன்னா அவ திருத்துவா.”

அது எனக்கே தெரியாது. ஐந்து வருடமாக அவளைப்பற்றி நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதிவந்தவள் நான்.

“அப்படியா?” என்றார் ஆய்வாளர். கொஞ்சம் யோசித்தார். “ஏழும் அஞ்சும் பதினொன்னு.”

வகுப்பே திரும்பி அவளைப் பார்த்தது. நானும்தான். சொல்லிவிடு சாமி, சொல்லிவிடு என்று எனக்குள் கெஞ்சினேன். வெளியே ஒரு லாரி போனது. சுகந்தி அந்தத் திக்கில் தலையைத் திருப்பினாள். அவ்வளவுதான்.

“இன்னிக்கு மனசில்லீங்க சார்” என்றான் அந்தப் பையன், அவளுக்காக வருத்தப்பட்டு. “நேத்துச் சொன்னாளுங்க. சத்தியமாங்க.”

ஆய்வாளர் தலைமையாசிரியரிடம் திரும்பினார். “இந்தப் பெண் இந்தப் பள்ளிதானா?”

தலைமையாசிரியர் தப்பிக்க ஒரு வழி திறந்தே இருந்தது. காடு கழனி வேலைக்குப் போகிறவர்களின் சின்னப் பிள்ளைகள் அக்காவோடு ஒட்டிக்கொண்டு வந்து வகுப்பில் உட்கார்ந்திருப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. ‘சேராத புள்ளைங்க, சும்மா வந்து உக்காந்திருக்குது’ என்று ஒரு வார்த்தை போதும். சீருடை இல்லை. பை இல்லை. நான் மறுத்திருக்க மாட்டேன். என் கையெழுத்தோடு கடிதம் அவரிடம் இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளதானுங்க ஐயா” என்றார். “இன்னிக்கு வர வேண்டாம்னு நாந்தான் சொன்னேன். தப்பு என்னோடதுங்க.”

பதிவேட்டை வாங்கி மேசைமேல் விரித்தார். சுகந்தியின் பெயருக்கு நேரே வரவில்லை என்று போட்டிருந்த குறியை அடித்தார். பக்கத்தில் வந்ததற்கான கோட்டை இழுத்தார். கீழே இருபத்தெட்டை அடித்து இருபத்தொன்பது என்று எழுதினார். இரண்டு இடத்திலும் சின்னதாகக் கையெழுத்திட்டார்.

தபால் துறையிலும் இதுதான் விதி. பதிவேட்டில் அழிக்கக் கூடாது. அடித்து, சரியானதை எழுதி, எழுதியவர் கையெழுத்திட வேண்டும். தவறு யாருடையது, திருத்தியது யார் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆய்வாளர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். “அடுத்த வகுப்புக்குப் போகலாம்” என்றார்.

நாலு மணிக்கு

தாழ்வாரத்தில் தலைமையாசிரியர் என்னைக் கடக்கும்போது சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

“இது இனி எனக்கு வேண்டாமுங்க.”

வாங்கிக்கொண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “காலாண்டுன்னு சொன்னீங்களே…”

“காலாண்டுப் பரீட்சை திங்கக்கெழமைங்க” என்றார், எரிச்சலாக. “சிலேட்டுக் குச்சி ரெண்டாக் குடுத்து உடுங்க. ஒண்ணை ஒடைச்சுப்போடறா.” ஆய்வாளரின் பின்னால் வேகமாக நடந்துபோனார்.

அதன்பிறகு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மெட்ராஸ் படிவத்தைக் கையெழுத்தில்லாமலே அந்த வாரம் திருப்பி அனுப்பினேன். லோடு முடிந்து வந்ததும் என் கணவர் டிராயரைத் திறந்து பார்த்தார். மூடினார். சுகந்திக்கு வாங்கிவந்த நாக்பூர் ஆரஞ்சை உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

ஆய்வு நடந்த அன்று, அவர்கள் அடுத்த வகுப்புக்குப் போனபிறகு நான் உள்ளே போனேன். சீருடை இல்லாத பிள்ளையை அங்கே விட்டுவிட்டுப் போவது சரியாகப் படவில்லை. அவளருகே உட்கார்ந்தேன். சிறிது நேரத்தில் அவள் என்னைப் பார்த்தாள்.

“வா சாமி, ஊட்டுக்குப் போலாம்.”

எழவில்லை. கையை நீட்டினேன். அந்தக் கையை மெதுவாக எடுத்து என் மடியிலேயே வைத்தாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சரோஜா டீச்சர் கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொன்னார்: “நாலு மணிக்கு ராணி கூட்டியாருவாளுங்க. நீங்க எந்திரிங்க, பின்னால இருக்கற புள்ளைகளுக்கு மறைக்குது.”

எழுந்தேன். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, வீட்டுக்குத் தனியாக நடந்தேன்.